ஆளுக்கு மூன்று பொருள்

எங்கள் நாட்டில் நடுக்கோடையான அந்த ஜனவரி முழுக்க எங்கள் வீட்டில் உருப்படியான பொருள் என்று ஒன்றும் இல்லை. எல்லாம் காரில் இருந்தன. கல்யாண ஆல்பம், நிலப் பத்திரம், கொலினின் மாத்திரை டப்பா, என் கம்பளிப் போர்வை, எங்கள் இருவர் தலையணை, சொட்டாமல் ஊற்றுகிற ஒரே தேநீர்க் கெண்டி. காரை சாலைப் பக்கம் முகம் காட்டி நிறுத்தியிருந்தோம். மலைக்குப் பின்னால் டிசம்பர் பதினெட்டாம் தேதி மின்னல் விழுந்து பற்றிய தீ, அணையவும் இல்லை, வரவும் இல்லை. எங்கள் உயிரை எடுப்பது ஒன்றுதான் அதற்கு வேலையாக இருந்தது.

காலையில் எழுந்ததும் காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பேன். பிறகு போனில் தீ எங்கே இருக்கிறது என்று வரைபடம் பார்ப்பேன். பல் தேய்த்துவிட்டு மறுபடி பார்ப்பேன். கதவுக்கு அடியில் ஈரத் துண்டைத் திணித்து, ஜன்னலுக்கெல்லாம் டேப் ஒட்டியிருந்தோம். அப்படியும் வெண்ணெயில் புகை வாசம் அடித்தது. ஒரு வேலையை முழுதாகச் செய்ய முடியவில்லை. பாதிப் பாத்திரம் கழுவிவிட்டு வெளியே போய் மலையைப் பார்ப்பேன். மலை தெரியாது, வெறும் பழுப்புதான் தெரியும். உள்ளே வந்து மீதிப் பாத்திரத்தை மறந்துபோவேன். சாப்பாட்டு மேஜையில் ஆயிரம் துண்டுகளைப் பொருத்திச் சேர்க்கிற படம் ஒன்றைப் பரப்பி வைத்திருந்தேன். பனி மூடிய ஒரு ஊர். அதில் பாதி வெள்ளைத் துண்டுகள். கோபம் வரும்போதெல்லாம் ஒன்றை எடுத்து, பொருந்தாத இடத்தில் அழுத்திப் பார்ப்பேன்.

கொலினோடு இருப்பது அதைவிடப் பாடாக இருந்தது. நாற்பத்தோரு வருடம் எங்கள் ஊர் தன்னார்வத் தீயணைப்புப் படையில் இருந்தவன், அதில் பதினாறு வருடம் கேப்டன். அக்டோபரில் அவன் இதயக் குழாய் அடைப்புக்கு இரண்டு ஸ்பிரிங் கம்பி வைத்தார்கள். அதற்கு அடுத்த வாரம் இப்போதைய கேப்டன் பிரான்வென் ஒரு கேக் எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் பதினேழு வயதில் ஹோஸ் பிடிக்கக் கற்றுக்கொண்டது இவனிடம்தான். இனி அவனைத் தீயணைப்பு வண்டியில் ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டு அவள்தான் அழுதாள். கொலின் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டு, முழுக் கேக்கையும் ஒருத்தனாகத் தின்று தீர்த்தான். அன்றிலிருந்து சைரன் ஊதினால் எழுந்து நிற்பான். வண்டி எங்கள் வாசலைத் தாண்டிப் போகும்வரை நிற்பான். பிறகு என்னமோ தண்ணீர் குடிக்க எழுந்தவன்போலக் குழாயடிக்குப் போவான்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தோம். தீ அபாயம் காட்டுகிற சாலைப் பலகையில் முள் சிவப்புக்கு வந்தால் காலை பத்து மணிக்குள் இருவரும் கிளம்புவது. கீழே அவன் கையெழுத்து, என் கையெழுத்து. அந்த மாதிரித் தாளை ஊரில் வீட்டுக்கு வீடு போய் எழுத வைத்தவனே அவன்தான். இரண்டு தடவை முள் சிவப்புக்கு வந்தது, இரண்டு தடவையும் நகரத்தில் இருக்கும் அவன் அக்கா நொரீன் வீட்டுக்குப் போய் சோபாவில் படுத்து முதுகு வலியோடு திரும்பி வந்தோம். வீடு வைத்தபடி இருந்தது. மூன்றாவது தடவை அவன் வருவானா என்ற கவலை அப்போதே எனக்குள் புகுந்துவிட்டது. அதை வாய்விட்டுக் கேட்க பயமாக இருந்ததால் கேட்கவில்லை.

இரண்டாவது தடவை திரும்பி வந்த சாயங்காலம் நான் டீயைப் பால் பாத்திரத்தில் போட்டுக் கோப்பையில் ஊற்றினேன். பாதி மேஜையில் கொட்டியது. அதற்குப்போய் அழுதேன். சும்மா கண் கலங்கவில்லை, மூக்கு ஒழுக ஒழுக அழுதேன்.

கொலின் வெளியே போனான். கார்க் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. கெண்டியோடு வந்தான்.

"இந்தா. சாயங்காலம் காத்து அடங்கிடுச்சு. இனிமே காலை வரைக்கும் ஒண்ணும் வராது."

"காலையில மறந்துட்டா?"

"மறக்க மாட்டோம். ஆளுக்கு மூணு பொருள். அதுக்கு மேல கிடையாது. ஒன்பது மணிக்குள்ள திரும்பக் கார்ல இருக்கணும்."

அப்படித்தான் அது ஆரம்பித்தது. சூரியன் இறங்கிக் காற்று படுத்ததும் இருவரும் காருக்குப் போவோம், கடைக்குப் போகிறவர்கள் மாதிரி. நான் கெண்டி, தலையணை, துணிச் செருப்பு எடுப்பேன். அவன் தலையணை, சீட்டுக்கட்டு, அப்புறம் தீயணைப்புப் படையின் மஞ்சள் கோட்டு. கோட்டை எதற்கு உள்ளே கொண்டுவருகிறான் என்று நான் கேட்கவில்லை. நடையில் இருந்த ஆணியில் மாட்டுவான், காலையில் எடுத்துப் போவான், அவ்வளவுதான்.

அந்த நேரத்துக்காகவே நான் பகலைத் தள்ளினேன். என் காலில் என் செருப்பு. என் கோப்பையில் புகை வாசம் அடிக்காத, சூடான டீ. எதிரில் கொலின் சீட்டைக் கலைத்துப் போட்டு, தோற்றால் முணுமுணுப்பான். எங்கள் நாய் மிட்ஜ் தன் பந்தை என் கால்மேல் உருட்டிவிட்டு முகத்தைப் பார்க்கும். ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம், மனுஷியாக இருந்தேன். பிறகு படுக்கப் போகும்முன் மறுபடி போனில் வரைபடம் பார்ப்பேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வானொலியில் சொன்னார்கள். நாளை முள் சிவப்பு. வடக்கிலிருந்து சூட்டுக் காற்று. மாலை ஏழு மணி வாக்கில் காற்று தென்மேற்காகத் திரும்பும். திரும்புகிற காற்றுதான் ஆளைக் கொல்லும், அது எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அன்று கொலின் ரொம்ப உற்சாகமாக இருந்தான். சீட்டில் மூன்று ஆட்டம் தோற்றும் முணுமுணுக்கவில்லை. மிட்ஜ் மட்டும் சோபாவுக்கு அடியில் மூக்கை நுழைத்து நுழைத்துத் தேடிக்கொண்டிருந்தது.

"இதோட பந்து எங்க?" என்றேன்.

"எங்கயாவது போட்டிருக்கும்."

"ஒண்ணா ரெண்டா, கூடை நிறைய இருந்துச்சே."

"கிளெனிஸ், நீ சீட்டைப் போடு."

நிமிர்ந்து பார்க்காமல்தான் சொன்னான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

காலை ஆறு மணிக்குத் தலைக்குமேல் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டு விழித்தேன். ஒரு நொடி, மழை என்று நினைத்தேன். இரவு உடையோடு வெளியே ஓடினேன். வானம் ஆரஞ்சாக இருந்தது. கொலின் ஏணிமேல் நின்று, கூரை ஓரத்துத் தகரக் கால்வாயில் ஹோஸை விட்டு நிரப்பிக்கொண்டிருந்தான். தண்ணீர் இறங்குகிற குழாய்களின் வாயிலெல்லாம் மிட்ஜின் டென்னிஸ் பந்துகளை அடைத்திருந்தான். தீப்பொறி வந்து விழுந்தால் தண்ணீரில் அவியட்டும் என்று செய்கிற வேலை அது. வீட்டிலேயே இருந்து தீயோடு சண்டை போடப்போகிறவர்கள் செய்கிற வேலை.

"எத்தனை பந்து?" என்றேன் கீழிருந்து.

"ஏழு."

மிட்ஜ் ஏணிக்கு அடியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

நான் கத்தவில்லை. உள்ளே போய் முகம் கழுவினேன். கோழிகளைத் திறந்துவிட்டேன். எட்டரைக்கு என் மூன்று பொருளையும் காரில் வைத்தேன். அவனுடைய மூன்று அங்கங்கே இருந்தன. தலையணை கட்டிலில், சீட்டுக்கட்டு மேஜையில், கோட்டு அவன் உடம்பில்.

"கொலின், மணி ஒன்பது."

"தெரியும்."

"உன் தலையணை?"

அவன் ஹோஸைச் சுருட்டிக்கொண்டே பேசினான். "நீ மிட்ஜைக் கூட்டிக்கிட்டு நொரீன் வீட்டுக்குப் போ. நான் காத்து திரும்பறதுக்கு முன்னாடி வந்துடுவேன்."

"எதுல வருவ? கார் என்கிட்ட இருக்கும். ரோட்டையும் மூடிடுவாங்க."

"பிரான்வென் வண்டி வரும்ல."

"உன்னை ஏத்திக்கிட்டுப் போறதுக்கா அவ வண்டி ஓட்டறா? தாள்ல கையெழுத்து போட்டியே."

"ரெண்டு தடவை போனோமே, என்ன ஆச்சு? நொரீன் செஞ்ச மீன் வடையைத் தின்னதுதான் மிச்சம்."

"நெஞ்சுக்குள்ள கம்பி வச்சுக்கிட்டு ஏணி ஏறற."

"கம்பி நல்லாத்தான் இருக்கு."

நான் கோபத்தில் இருக்கிறேன் என்று அவன் நினைத்திருப்பான். கோபமே இல்லை, முழுக்கப் பயம். இந்த மனிதன் செத்துப்போவான், நான் நகரத்தில் ஒரு சோபாவில் உட்கார்ந்து அதைப் போனில் கேட்பேன் என்ற பயம். நாற்பது வருடமாகச் சைரன் ஊதும்போதெல்லாம் இந்தப் பயத்தோடுதான் சமைத்தேன், துணி மடித்தேன். இனி இல்லை என்று அக்டோபரில் நான் சந்தோஷப்பட்டதை அவனிடம் சொன்னதே இல்லை.

காருக்குப் போனேன். கெண்டியை எடுத்தேன், தலையணையை எடுத்தேன், செருப்பை எடுத்தேன். உள்ளே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டு அடுப்பில் தண்ணீர் வைத்தேன். மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

அவன் வாசற்படியில் வந்து நின்றான். "என்ன பண்ற?"

"டீ போடறேன்."

"கிளெனிஸ்."

"நீ இருந்தா நானும் இருக்கேன். பிஸ்கட் வேணுமா?"

"புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? இது சின்னப் புள்ளை விளையாட்டு இல்ல. எழுந்திரு. இன்னும் அரைமணியில ரோடு முழுக்கப் புகை வந்துடும், உனக்கு ராத்திரியிலயே வண்டி ஓட்டத் தெரியாது, புகையில எப்படி…"

பேசிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காரிலிருந்து வந்தபோது சாவியை எங்கும் வைக்காமல் கையிலேயே பிடித்திருக்கிறேன்.

"சாவியைக் கீழ வை," என்றான்.

"வைக்க மாட்டேன்."

"கிளெனி. அதைக் கீழ வை."

குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. நெஞ்சுவலிதான் என்று நினைத்துப் பாதி எழுந்தேன். அவன் கையைக் காட்டி என்னை உட்காரச் சொல்லிவிட்டு, கோட்டோடு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"நான் கேப்டன் ஆன ரெண்டாவது வருஷம். டக்கர் சந்துல தீ."

"ரெண்டு பேர் போயிட்டாங்கன்னு சொன்ன."

"அவ்வளவுதான் சொன்னேன்." மேஜைமேல் இருந்த படத்தின் வெள்ளைத் துண்டு ஒன்றைத் திருப்பிக்கொண்டிருந்தான். "புருஷன்காரன் வெளியில கிடந்தான், பக்கத்துல ஹோஸ். அவ உள்ள இருந்தா, சமையல்கட்டுல. உட்கார்ந்தபடியே இருந்தா. வாசல்ல கார் ரோட்டைப் பாத்து நின்னுது. பின்னாடி சீட்டுல பெட்டியெல்லாம் அழகா அடுக்கி வச்சிருந்தா."

அவன் அந்தத் துண்டை மேஜைமேல் வைத்தான்.

"அவ கையில கார் சாவி இருந்துச்சு," என்றான்.

அடுப்பில் தண்ணீர்க் கெட்டில் விசில் அடித்தது. இரண்டு பேரும் எழவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது. மிட்ஜ் வந்து இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

"போகணும்னுதான் இருந்திருக்கா," என்றான். "அவன் வரட்டும்னு உட்கார்ந்திருக்கா."

பிறகு எழுந்துபோய் அடுப்பை அணைத்தான். கோட்டைக் கழற்றி நடை ஆணியில் மாட்டி, தோள்பட்டையை இழுத்துச் சரிசெய்தான்.

"இது வீட்டைப் பாத்துக்கட்டும்," என்றான். கட்டிலில் இருந்த தலையணையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான், சீட்டுக்கட்டைச் சட்டைப்பையில் போட்டான். ஒன்பது ஐம்பத்து நாலுக்கு எங்கள் கார் வாசலைத் தாண்டியது. முதல் இருபது மைல் அவன் தன் பக்கத்துக் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தான். நான் வண்டி ஓட்டினேன்.

சொன்ன மாதிரியே ஏழு மணிக்குக் காற்று திரும்பியது. நொரீன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் யாரும் வாயில் எதையும் வைக்கவில்லை. எட்டரைக்கு பிரான்வென் கூப்பிட்டாள். வைக்கோல் கொட்டகை போச்சு, வேலி முழுக்கப் போச்சு, வீடு நிற்கிறது. வராந்தாவை ஒட்டி இருந்த விறகு அடுக்கு பற்றிக்கொண்டதாம், சரியான நேரத்துக்கு வண்டி வந்து அணைத்தார்களாம்.

"கேப்டன்," என்றாள் அவள், போன் சத்தமாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "வீட்டை ஒட்டி விறகு அடுக்காதீங்கன்னு ஊருக்கெல்லாம் சொன்னது யாரு?"

கொலின் என்னை ஒரு பார்வை பார்த்தான். "அது கிளெனிஸ் அடுக்குனது," என்றான்.

வாழ்க்கையில் ஒரு விறகுக் கட்டையை நான் தொட்டதில்லை. அன்று மட்டும் விட்டுக்கொடுத்தேன்.

நான்கு நாள் சாலையைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் காலை மழை வந்தது. தூறல் இல்லை, நல்ல மழை. நொரீன் தெருவில் அத்தனை பேரும் வெளியே வந்து நின்றார்கள். எழுபத்திரண்டு வயது நொரீன் முடி சுருட்டுகிற கிளிப்புகள் வைத்த தலையோடு புல்தரையில் நின்று சிரித்தாள். கொலின் வாயைத் திறந்து மழையைக் குடித்தான். ஒரு மாதமாக இறுக்கிப் பிடித்திருந்த தோள் இரண்டும் கீழே இறங்கியது தெரிந்தது.

திடீரென்று கொலின் வாயை மூடினான்.

"பந்து," என்றான்.

எனக்கு ஒரு நொடி கழித்துத்தான் புரிந்தது. கூரைக் கால்வாயில் தளும்பத் தளும்பத் தண்ணீர். இறங்கும் குழாய் ஏழும் அடைப்பு. அதன்மேல் இந்த மழை.

ஒன்றரை மணி நேரப் பாதையை ஒன்றே கால் மணியில் வந்தோம். வழியெல்லாம் கறுப்பு, அதிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. வீடு தூரத்திலிருந்து பார்க்க முழுசாகத்தான் இருந்தது. கதவைத் திறந்தால் நடையில் கணுக்கால் தண்ணீர். படுக்கையறைக் கூரைப் பலகை இற்று, கட்டில்மேல், துல்லியமாக அவன் படுக்கிற பக்கத்தில், விழுந்து கிடந்தது. ஆணியில் மாட்டிய கோட்டின் மேல் சுண்ணாம்புச் சேறு வழிந்து இரண்டு பையிலும் நிரம்பியிருந்தது.

கொலின் கோட்டையே பார்த்தான். "தீயில நாப்பத்தோரு வருஷம் தாக்குப்பிடிச்சுச்சு," என்றான்.

நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் அவனும் சேர்ந்துகொண்டான். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டது சிரிப்பால் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். அவன் ஏணி ஏறினான், நான் கீழே பிடித்துக்கொண்டேன், திட்டிக்கொண்டே. ஒவ்வொரு பந்தாகப் பிடுங்கிப் போட, தண்ணீர் குழாயில் சடசடவென்று இறங்கியது. மிட்ஜ் ஏழையும் கவ்விக்கொண்டு போய் வராந்தாவில் குவித்து, அதன்மேலேயே படுத்துக்கொண்டது. கிட்டப் போனால் உறுமியது.

சாயங்காலம் வரை தண்ணீர் தள்ளினோம். காய்ந்திருந்தது சமையல்கட்டு ஒன்றுதான். மழை விட்டுக் காற்று அடங்கியதும், வழக்கம்போல இரண்டு பேரும் காருக்குப் போனோம். சமையல்கட்டை விட்டால் நனையாத பொருள் இருந்த ஒரே இடம் அதுதான். முழுக் காரையும் இறக்கியிருக்கலாம். நான் கெண்டியும் தலையணையும் செருப்பும் எடுத்தேன். அவன் தலையணையும் சீட்டுக்கட்டும் எடுத்துவிட்டு, மூன்றாவதற்கு என்ன என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு என் கம்பளிப் போர்வையை எடுத்துக்கொண்டான். சமையல்கட்டுத் தரையில் அதை விரித்துப் படுத்தோம். புகை வாசம் இல்லாமல், ஈர மண் வாசத்தோடு அவ்வளவு ஆழமாகத் தூங்கி எத்தனை நாளாயிற்று.

காலையில் கார்க் கதவு சாத்துகிற சத்தத்தில் விழித்தேன். பக்கத்தில் அவன் தலையணை இல்லை. எழுந்துபோய் டீ போட்டு ஒரு கோப்பை குடித்தேன், கெண்டியோடு வாசலுக்குப் போனேன். கார்ப் பின்சீட்டில் அவன் தலையணை இருந்தது. அதன்மேல் சீட்டுக்கட்டு. அதன் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பா, உள்ளே பல் தடம் பதிந்த பந்து ஒன்று.

"கொலின், நேத்துதான் மழை பெஞ்சுது. பலகையில முள் பச்சையில இருக்கும்."

"தீக்காலம் மார்ச் வரைக்கும் இருக்கு."

"கோட்டு?"

"காயப் போட்டிருக்கேன். பிரான்வென்கிட்ட குடுத்துடலாம், யாராவது புதுசா வர்ற பசங்களுக்கு ஆகும்." கெண்டிக்காகக் கையை நீட்டினான். "அதைக் குடு."

"இன்னும் ஒரு கோப்பை இருக்கு இதுல."

"சீக்கிரம் குடி. மணி எட்டே முக்கால்."

நின்றபடியே ஊற்றிக் குடித்தேன். அவன் ஒரு கையை நீட்டியபடியே காத்திருந்தான். மற்ற கையில் கார் சாவி இருந்தது.